மூணு பாக்கெட் ரிட்டர்ன்

போன மாதம் என் சித்தி மகள் போனில் கேட்டாள்: “அக்கா, உனக்கு எப்படிக்கா இவ்வளவு தைரியம் வந்துச்சு? எனக்கும் ஏதாவது தொழில் பண்ணணும்னு இருக்கு. ஆனா பயமா இருக்கு.” சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. மதுரையில் இட்லி மாவு அரைத்து விற்கிற எனக்குத் தைரியம் வந்த நாள் எது என்று யோசித்தால், ஒரு மளிகைக் கடை பிரிட்ஜ்தான் ஞாபகத்துக்கு வருகிறது. அதைச் சொன்னால் சிரிப்பாள். அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டேன். அவளுக்குச் சொல்ல நினைத்ததைத்தான் எழுதுகிறேன்.

2020 வரை ஒரு டூவீலர் ஷோரூமில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். பதினோரு வருடம். ஊரடங்கு வந்தது. மூன்று மாதம் பாதிச் சம்பளம் கொடுத்தார்கள், நான்காவது மாதம் “நாங்களே கூப்பிடுறோம்” என்றார்கள். கூப்பிடவில்லை. அந்த நேரத்தில் எதிர்வீட்டு அக்காவின் கிரைண்டர் பழுதாகிவிட்டது, மெக்கானிக் கடை திறக்கவில்லை. எங்கள் வீட்டு இரண்டு லிட்டர் டேபிள்டாப்பில் அவருக்கும் சேர்த்து அரைத்துக் கொடுத்தேன். காசு வேண்டாம் என்றேன். அவர் ஐம்பது ரூபாய்த் தாள் ஒன்றைச் சமையல் மேடையில் உப்பு டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அதுதான் முதல் வியாபாரம். எந்தத் திட்டமும் இல்லை, லட்சியமும் இல்லை.

அக்காவிடமிருந்து மாடி வீடு, மாடி வீட்டிலிருந்து பக்கத்துத் தெரு. ஒரு வருடத்தில் பத்து லிட்டர் டில்டிங் கிரைண்டர் வாங்கிவிட்டேன். பதினாலு கடைகளுக்கு மாவு போட்டேன். தினம் பத்து கிலோ இட்லி அரிசி, இரண்டரை கிலோ உளுந்து. அதில் ஒரு கிலோ பாக்கெட் இருபத்தெட்டு வரும். மத்தியானம் அரைத்து, சாயங்காலம் பை போட்டு, விடிகாலை என் வீட்டுக்காரர் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வேலைக்குப் போவார். “பரவாயில்லையே, பிசினஸ் பண்றியாமே!” என்று சொந்தக்காரர்கள் கேட்டபோது பெருமையாகத்தான் இருந்தது. தினமும் கையில் காசு புழங்கும். மாதக் கடைசியில் மட்டும் எங்கே போனது என்று தெரியாது.

அந்தக் குழப்பத்தில்தான் 2021 டிசம்பரில் ஒரு தன்னம்பிக்கைக் கூட்டத்துக்குப் போனேன். கட்டணம் 1,500 ரூபாய். பெரிய மண்டபம், கலர் கலராக லைட்டு, காது கிழியப் பாட்டு. பக்கத்தில் இருப்பவரிடம் “நீங்கள் ஒரு சிங்கம்” என்று சொல்லச் சொன்னார்கள். என் பக்கத்தில் இருந்தவர் ஓய்வு பெற்ற தாசில்தார் மாதிரி இருந்தார். அவரைப் பார்த்துச் சிங்கம் என்று சொல்வதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. கடைசியில் ஒரு ஸ்டிக்கர் கொடுத்து, ஐந்து வருடத்தில் எவ்வளவு சம்பாதிக்கப் போகிறீர்கள் என்று எழுதி, வீட்டுக் கண்ணாடியில் ஒட்டச் சொன்னார்கள். எல்லாரும் ஒரு கோடி என்று எழுதினார்கள். நானும் எழுதினேன்.

மூன்று நாள் காய்ச்சல் கண்ட மாதிரி ஒரே உற்சாகம். நாலரை மணிக்கு அலாரம் இல்லாமல் எழுந்தேன். நான்காம் நாள் காலை ஆறு பாக்கெட் ரிட்டர்ன் வந்தது. பை உப்பி, வெடிக்கிற மாதிரி இருந்தது. என் வீட்டுக்காரர் அதை வாசல் திண்ணையில் வைத்துவிட்டுக் கேட்டார்: “அந்தக் கூட்டத்துல ரிட்டர்னைப் பத்தி ஏதும் சொன்னாங்களா?”

கூட்டத்தை முழுக்கக் குறை சொல்லவும் மாட்டேன். மத்தியானச் சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒரு பெண் செக்கு எண்ணெய் ஆட்டி விற்பவர். என் தொழிலைக் கேட்டுவிட்டு, “கிலோவுக்கு உனக்கு என்ன நிக்குது?” என்றார். “பத்து ரூபா நிக்கும்க்கா” என்றேன். “நிக்குமா, நிக்குதா?” என்றார். மேடையில் பேசியது எதுவும் இன்று ஞாபகம் இல்லை. அந்தக் கேள்விக்கே 1,500 தகும்.

ரிட்டர்ன் வந்த அன்று ராத்திரி உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். அரிசி கிலோ 38 ரூபாய், பத்து கிலோ 380. உளுந்து கிலோ 120, இரண்டரை கிலோ 300. வெந்தயம், உப்பு 20. பை ஒன்றரை ரூபாய் வீதம் 28க்கு 42. கரண்டுக்கு 30, பெட்ரோலுக்கு 60 என்று போட்டேன். மொத்தம் 832. கடைக்கு நான் போடும் விலை 32. இருபத்தெட்டும் விற்றால் 896. அதாவது நாள் முழுக்க நின்று, இடுப்பு ஒடிய அரைத்துக் கட்டினால் 64 ரூபாய். மூணு பாக்கெட் ரிட்டர்ன் வந்தால் வரவு 800தான். கையிலிருந்து 32 ரூபாய் போகும். கிலோவுக்குப் பத்து ரூபாய் நிற்கிறது என்று ஒரு வருடமாக ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். என் கூலி அந்தக் கணக்கிலேயே இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

பதினோரு வருடம் அடுத்தவர் கணக்கை ஒரு ரூபாய் பிசகாமல் எழுதியவள் நான். என் சொந்தக் கணக்கை எழுதாமல் இருந்ததற்குக் காரணம் சோம்பேறித்தனம் இல்லை, பயம். எழுதினால் என்ன தெரியவரும் என்று உள்ளுக்குள் தெரிந்திருந்தது. தொழில் தொடங்கிய நிறையப் பேரிடம் இதைப் பார்க்கிறேன். தன்னம்பிக்கை இல்லை, தன்னம்பிக்கை இல்லை என்பார்கள். விசாரித்தால் கணக்கு நோட்டு இருக்காது. என்ன நடக்கிறது என்றே தெரியாதபோது பயம் வருவது நியாயம்தானே? அந்தப் பயத்தைக் கைதட்டி விரட்டினால் மூன்று நாளில் திரும்பி வந்துவிடும்.

மறுநாள் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். தேதி, கிழமை, கடை, போட்டது, திரும்பியது, ஏன் என்று ஆறு கட்டம். ‘ஏன்’ என்ற கட்டம்தான் முக்கியம். முதல் வாரம் அதில் ‘தெரியவில்லை’ என்றே எழுதினேன். எழுத எழுத எரிச்சல் வந்தது, அந்த எரிச்சலில்தான் கடை கடையாகப் போய்க் கேட்க ஆரம்பித்தேன்.

மூன்று வாரத்தில் 58 பாக்கெட் திரும்பியிருந்தது. அதில் 34 மூன்றே கடைகளிலிருந்து. அதிலும் ஒரு அண்ணாச்சி கடையிலிருந்து மட்டும் 19. நல்ல கடை, கூட்டம் உள்ள கடை. ஏன் அங்கே மட்டும்? ஒரு நாள் காலை ஐந்தரைக்கு நானே வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனேன். அண்ணாச்சி அப்போதுதான் ஷட்டரைத் தூக்கினார், சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டினார், அப்புறம் குனிந்து பிரிட்ஜ் சுவிட்சைப் போட்டார். டப் என்று ஒரு சத்தம், உர்ரென்று ஓட ஆரம்பித்தது. எனக்கு அந்தச் சத்தத்திலேயே விஷயம் விளங்கிவிட்டது. ராத்திரி பத்து மணிக்குக் கடை அடைக்கும்போது கரண்டு மிச்சம் என்று பிரிட்ஜை அணைத்துவிடுகிறார். மதுரைப் புழுக்கத்தில், மூடிய கடைக்குள், ஏழரை மணி நேரம். மாவு பொங்காமல் என்ன செய்யும்?

எனக்குக் கடைக்காரர்களிடம் எதிர்த்துப் பேசி வழக்கமே கிடையாது. “சரிங்கண்ணாச்சி” என்று வாங்கிக்கொண்டு வருவதுதான் பழக்கம். அன்றைக்கு நோட்டைத் திறந்து காட்டினேன். “அண்ணாச்சி, மூணு வாரத்துல உங்ககிட்ட இருந்து மட்டும் பத்தொன்பது பாக்கெட். ராத்திரி பிரிட்ஜை அணைக்காம விட்டீங்கன்னா இது வராது.”

“நல்லாச் சொன்ன போ. ராத்திரி பூரா ஓடிச்சின்னா கரண்டு பில்லு யாரு கட்டுவா, நீயா கட்டுவ?”

“கட்டுறேன் அண்ணாச்சி. மாசம் நூத்தம்பது.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்தக் கடை ரிட்டர்னால் மாதம் எண்ணூறு ரூபாய்க்கு மேல் எனக்கு நஷ்டம் என்று முந்தின ராத்திரியே கணக்குப் போட்டிருந்தேன். நூற்றைம்பது கொடுத்தாலும் லாபம். என் குரல் நடுங்கவில்லை என்பதை வீட்டுக்கு வந்து காபி போடும்போதுதான் கவனித்தேன். அதற்கு முன்னாலும் பின்னாலும் எத்தனையோ பேர் ‘தைரியமாப் பேசு’ என்று சொல்லியிருக்கிறார்கள். தைரியம் தேவைப்படவே இல்லை. எண் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

அதே நோட்டில் வேறொன்றும் கிடைத்தது. சில நாட்களில் மாவு பத்து மணிக்கே தீர்ந்துபோயிருந்தது. சனி, ஞாயிறு சரி. ஞாயிறு காலை கறிக்குழம்புக்கு இட்லி இல்லாமல் மதுரையில் எந்த வீடு இருக்கிறது? ஆனால் நடுவில் ஒரு செவ்வாய், ஒரு புதன் ஏன் தீர்ந்தது? காலண்டரை எடுத்துப் பார்த்தால் அமாவாசை, கிருத்திகை. அன்றைக்கு ஒருபொழுது இருப்பவர்கள் ராத்திரி பலகாரம்தான் சாப்பிடுவார்கள். என் அம்மா வாழ்நாள் முழுக்க அப்படித்தான் இருந்தார். எனக்குத் தெரிந்த விஷயம்தான், தொழிலோடு சேர்த்து யோசித்ததில்லை. அதிலிருந்து தினம் ஒரே அளவு அரைப்பதை விட்டேன். அமாவாசைக்குப் பதினைந்து கிலோ அரிசி, மந்தமான திங்கள் வியாழனுக்கு ஏழு. சித்திரைத் திருவிழாவில் வெளியூர்ச் சொந்தம் வந்து இறங்குவதால் அந்த வாரம் முழுக்க இரட்டிப்பு. சித்திரை வெயிலில் ஐஸ் தண்ணீர் விட்டு அரைத்து, உடனே குளிரில் வைத்துப் புளிக்காத மாவாகவே போடுவேன். மார்கழியில் இரண்டு மூன்று மணி நேரம் வெளியில் விட்டுத்தான் பை கட்டுவேன், இல்லையென்றால் வாங்கினவர்கள் “மாவு பொங்கவே இல்லை” என்று சண்டைக்கு வருவார்கள்.

பதினாலு கடையை ஒன்பதாகக் குறைத்தேன். சொந்தக்காரர்கள் ‘என்ன, பிசினஸ் டல்லா?’ என்றார்கள். வளர்ச்சி என்றால் கடை எண்ணிக்கை கூடுவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஒன்பது கடையில் தினம் ஒரு பாக்கெட்கூடத் திரும்பாமல் இருந்தபோதுதான் முதல் முறையாக மாதக் கடைசியில் காசு மிஞ்சியது.

லட்சியம் பற்றியும் சித்தி மகள் கேட்டாள். ‘உன் நோக்கம் என்னக்கா?’ என்று. ஸ்டிக்கரில் உள்ள ஒரு கோடி எனக்கு எதுவுமே செய்ததில்லை. அது ரொம்பத் தூரம், என் கைக்கு எட்டாதது, யாரோ சொல்லி எழுதியது. என்னைக் காலையில் எழுப்பியது இரண்டே விஷயங்கள். மகளின் கல்லூரி செமஸ்டர் கட்டணத்துக்கு என் அண்ணன் வாசலில் போய் நிற்கக் கூடாது. அப்புறம் கே.கே.நகரில் இருக்கும் ஒரு டீச்சரம்மா.

அவர் ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் வெளிநாட்டில், வீட்டில் தனியாக இருக்கிறார். மூட்டுவலியில் விரல்களெல்லாம் வளைந்துபோய், உளுந்து கழுவக்கூட முடியாது. “எனக்கு ஒருத்திக்கு ஒரு கிலோ எதுக்கும்மா? மூணாம் நாள் கொட்டுறேன். கொட்டுறப்போ மனசு கேக்கல” என்றார். அவருக்காக அரைக் கிலோ பை போட ஆரம்பித்தேன், 20 ரூபாய். ஒருவருக்காகப் போட்டது, அந்த அடுக்குமாடியில் மட்டும் பதினோரு பேர் கேட்டார்கள். எல்லாம் வயதானவர்கள், தனியாகவோ இருவராகவோ இருப்பவர்கள். இன்று என் விற்பனையில் கால் பங்கு அரைக் கிலோ பைதான். கிலோவுக்குக் கணக்குப் பார்த்தால் லாபமும் அதில்தான் அதிகம். ஒரு நாள் போகாவிட்டால் டீச்சரம்மா போன் செய்து “உடம்பு கிடம்பு சரியில்லையா?” என்று கேட்பார். மாவு வரவில்லையே என்று கேட்கமாட்டார். அப்படி ஒருவர் இருக்கும்போது லீவு போட மனசு வராது.

ஆனாலும் போட வேண்டும் என்று தோன்றுகிற நாட்கள் உண்டு. ஊக்கம் எல்லா நாளும் வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இடுப்பு வலி, வீட்டில் சண்டை, எதுவும் இல்லாமலே ஒரு சோர்வு. அப்படிப்பட்ட நாளில் நான் ‘இன்றைக்கு மாவு அரைக்கணும்’ என்று நினைப்பதே இல்லை. அரிசியை அளந்து தண்ணீரை மட்டும் ஊற்றிவிடுவேன். ஐந்து நிமிட வேலை. ஊறப்போட்டுவிட்டால் அப்புறம் அது சும்மா இருக்க விடாது. அரைக்காமல் விட்டால் அரிசி போச்சு, காசு போச்சு. மீதியை அரிசியே பார்த்துக்கொள்ளும். என் மகள் பரீட்சைக்குப் படிக்க இதே வித்தையைப் பிடித்துக்கொண்டாள். புத்தகத்தைத் திறந்து முதல் கணக்கின் கேள்வியை மட்டும் நோட்டில் எழுதிவிடுவாளாம். “ஊறப்போட்டுட்டேன்மா” என்பாள்.

விலை ஏற்றியது பெரிய கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். 2022 நடுவில் 32ஐ 35 ஆக்கினேன். சொல்வதற்கு முன் ஒரு வாரம் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்தேன். ஒரு கோடி ஸ்டிக்கருக்கு நேர் கீழே நின்று மூன்று ரூபாய் ஏற்றப் பழகினேன். இரண்டு கடைக்காரர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். ஒருவர் இன்றுவரை என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அன்று ராத்திரி அழுதேன். மறுநாள் நோட்டைப் பார்த்தேன்: இரண்டு கடை போனதில் ஐந்து பாக்கெட் குறைவு, ஆனால் மொத்த மிச்சம் முன்பைவிட அதிகம். அழுகை வீண் என்று சொல்லமாட்டேன். நோட்டு இல்லாமல் இருந்திருந்தால் மூன்றாம் நாள் போய்ப் பழைய விலைக்கே தருகிறேன் என்று கெஞ்சியிருப்பேன்.

2023ல் சிறு தொழில்களுக்கான முத்ரா கடனுக்குப் போனேன். முதலில் ‘உத்யம்’ என்ற சிறு தொழில் பதிவு வேண்டும் என்றார்கள். ஒரு ஏஜெண்ட் செய்து தருகிறேன் என்று 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டார். அப்புறம்தான் தெரிந்தது, அரசின் இணையதளத்தில் ஆதார் எண்ணை வைத்து நாமே செய்துகொள்ளலாம், ஒரு பைசா கட்டணம் கிடையாது. என் ராசி, ஏமாறுவதென்றால் சரியாக 1,500தான் போலிருக்கிறது. உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கு நான் எடுத்தபோது வருடத்துக்கு 100 ரூபாய்தான், ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் இருந்ததால் சாதாரணப் பதிவே போதுமானதாக இருந்தது. அதை நானே செய்தேன், முதல் தடவை தப்பாகி இரண்டாம் தடவை சரியானது.

வங்கியில் இருந்தவர் இரண்டு வருட வரவு செலவு கேட்டார். என்னிடம் ஆடிட்டர் போட்ட காகிதம் எதுவும் இல்லை. ஐந்து நோட்டுகளையும், போனில் பணம் வந்த விவரங்களையும் மேசையில் வைத்தேன். அவர் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து, “இது என்னம்மா, ‘பிரிட்ஜ் கரண்டு 150’?” என்றார். கதையைச் சொன்னேன். சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகக் கடன் கிடைத்தது என்று சொல்லவரவில்லை, அதற்கப்புறமும் நாலு தடவை அலையவிட்டார்கள். முத்ராவில் ‘கிஷோர்’ என்ற பிரிவு ஐம்பதாயிரத்திலிருந்து ஐந்து லட்சம் வரை. எனக்கு ஒன்றரை லட்சம் கிடைத்தது. அடமானம் எதுவும் கேட்கவில்லை. இருபது லிட்டர் கிரைண்டர் இரண்டு, ஒரு ஃப்ரீசர் வாங்கினேன்.

இப்போது தினம் 110 கிலோ போகிறது. இரண்டு பெண்கள் வேலை செய்கிறார்கள். கூலி, கடன் தவணை எல்லாம் போகக் கிலோவுக்கு ஆறு ரூபாய் நிற்கிறது. ‘நிக்கும்’ இல்லை, நிற்கிறது. ஒரு கோடி ஸ்டிக்கர் ஓரமெல்லாம் சுருண்டு இன்னும் கண்ணாடியில்தான் இருக்கிறது, பிய்த்தால் பசை போகாது என்று விட்டிருக்கிறேன்.

சித்தி மகளுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன வாரம் ஒரு சூப்பர் மார்க்கெட்டிலிருந்து கூப்பிட்டார்கள். தினம் 200 கிலோ, கிலோ 34 ரூபாய். கேட்டதும் தலை கிறுகிறுத்தது. பணம் அறுபது நாள் கழித்து என்றார்கள். அங்கேயே போனில் கணக்குப் போட்டேன். ஒரு நாளைக்கு 6,800. அறுபது நாளைக்கு நாலு லட்சத்து எட்டாயிரம் ரூபாய் என் கையிலிருந்து அவர்களிடம் முடங்கிக் கிடக்கும். அரிசிக் கடைக்காரர் எனக்கு ஒரு வாரம்தான் தவணை தருவார். “சிறு தொழில் பதிவு இருக்கிறவங்களுக்கு 45 நாளுக்குள்ள பணம் குடுக்கணும்னு சட்டமே இருக்கே சார்” என்றேன். கொள்முதல் பார்க்கும் பையன், என் மகளைவிட நாலைந்து வயதுதான் கூட இருப்பான், “மேடம், எல்லாரும் அறுபது நாளுக்கு ஒத்துக்கறாங்க” என்றான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் என்றால் ஒத்துக்கொண்டிருப்பேன். பெரிய கடை, பெரிய பெயர், விட்டால் போச்சு என்று. தினம் 40 கிலோ, கிலோ 36, வாரா வாரம் பணம், ரிட்டர்ன் கிடையாது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். யோசித்துச் சொல்கிறோம் என்றான். இன்னும் கூப்பிடவில்லை. ஆனையூர்ப் பக்கம் இரண்டு டிபன் கடை பார்த்து வைத்திருக்கிறேன். தினம் ஆளுக்குப் பதினைந்து கிலோ எடுப்பார்கள், காசு கையோடு. வியாழக்கிழமை மந்தமான நாள், அன்றைக்குப் போய்ப் பேச வேண்டும். முதலில் அவர்கள் பிரிட்ஜைப் பார்க்க வேண்டும்.